நீராவி எஞ்சினை விட்டு இறங்குங்கள், ஆசிரியர்களே

மதிப்பிற்குரிய இயற்பியல் ஆசிரியர்களுக்கு,

தமிழகக் கல்லூரிகளில் வெப்ப இயக்கவியல் நடத்தும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இந்த மடல்.

'இரண்டாம் விதி உடைந்தது', 'கார்னோ எல்லையைத் தாண்டிய குவாண்டம் எஞ்சின்' என்கிற தலைப்போடு அவ்வப்போது ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவரும். அறிவியல் எழுதுகிறவன் என்பதால் மாணவர்கள் அதை எனக்குத் தட்டிவிட்டு, "இது உண்மையா சார்?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் கார்னோ சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியவர்கள். வெப்ப மூலம், வெப்ப ஏற்பி, செயல்படு பொருள், நான்கு கட்டங்கள், பயனுறு திறனுக்கான சூத்திரம் எல்லாம் அத்துப்படி. கையில் இருக்கிற போன் ஏன் சுடுகிறது என்று நான் திருப்பிக் கேட்டால், "பேட்டரி சார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பாடத்திட்டத்தில் வெப்ப இயக்கவியல் 1824-இல் சாடி கார்னோவோடு ரயில் ஏறி, கிளாசியஸ், கெல்வின் என்ற நிலையங்களில் நின்று, டீசல் எஞ்சினில் இறங்கிவிடுகிறது. குறைகடத்தியும் டிரான்சிஸ்டரும் வேறு தாள், வேறு பருவம், பெரும்பாலும் வேறு ஆசிரியர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாகவே மாணவர் நினைத்துக்கொள்கிறார். உலகின் தாழ்வெப்பநிலை ஆய்வகங்கள் அந்தச் சுவரை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒற்றை எலக்ட்ரானை வைத்துக்கொண்டு வெப்பம், வேலை, என்ட்ரோபி மூன்றையும் அளந்து காட்டிவிட்டார்கள். அந்த வேலைகளை உங்கள் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அவை வந்தால் இரண்டாம் விதி உடையாது. மாணவருக்கு முதன்முறையாகப் புரியும்.

போனிலிருந்தே தொடங்குகிறேன். டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். கேட்டில் கொடுக்கும் மின்னழுத்தம், எலக்ட்ரான்களுக்கு முன்னால் இருக்கும் ஆற்றல் அரணை ஏற்றி இறக்குகிறது. அரணை ஏற்றினால் சுவிட்ச் அணைய வேண்டும். முழுதாக அணைவதில்லை. எவ்வளவு உயரமாகக் கரை எழுப்பினாலும் ஏரியின் அலையில் கொஞ்சம் தெறித்து மறுபக்கம் விழுவதுபோல, வெப்பத்தால் துள்ளிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களில் சில எப்போதும் அரணைத் தாண்டிவிடும். எத்தனை தாண்டும் என்பதைச் சொல்வது உங்கள் போல்ட்ஸ்மேன் பரவல்தான். போல்ட்ஸ்மேன் மாறிலியை அறை வெப்பநிலையால் பெருக்கி எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய 26 மில்லிவோல்ட் வரும். அதை 10-இன் இயல் மடக்கையான 2.303-ஆல் பெருக்கினால் 60 மில்லிவோல்ட். கசியும் மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாக்க வேண்டுமென்றால் கேட்டில் குறைந்தது இந்த 60 மில்லிவோல்ட்டைச் செலவிட்டே ஆக வேண்டும். அரணை ஏற்றி இறக்கும் வழக்கமான டிரான்சிஸ்டரை எந்தக் கம்பெனி எந்த நாட்டில் செய்தாலும் அறை வெப்பநிலையில் இதற்குக் கீழே போக முடியாது. கசிவு லட்சத்தில் ஒரு பங்காக வேண்டுமா? ஐந்து முறை பத்தில் ஒன்றாக்க வேண்டும். 300 மில்லிவோல்ட் அதற்கே போய்விடும்.

இதன் விளைவு சிறியதல்ல. 1974-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஒரு விதிமுறையை வகுத்துத் தந்தார்கள்: டிரான்சிஸ்டரின் அளவுகளையும் இயக்க மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், சிப்பின் ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் அதிகரிக்காது. முப்பது ஆண்டுகள் தொழில் இந்த வழியில் ஓடியது. 2000-களின் நடுவில் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை ஒட்டி முட்டி நின்றது. மேலும் குறைத்தால் கசிவு கட்டுக்கடங்காமல் போகும். குறைக்காவிட்டால் வெப்பம் ஏறும். கடிகார வேகம் சில ஜிகாஹெர்ட்ஸில் தேங்கியதும், ஒரே சிப்பில் பல கோர்களை அடுக்கும் வழிக்குத் தொழில் திரும்பியதும் அதனால்தான். அந்த முட்டுக்கட்டையின் அடியில் கிடப்பது போல்ட்ஸ்மேன் மாறிலி. கடைசி அத்தியாயத்தில் டீசல் எஞ்சினுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் என்ன?

அடுத்து ரால்ஃப் லாண்டவர். அவரும் ஐபிஎம்-காரர்தான். 1961-இல் அவர் சொன்னது இது: ஒரு பிட் நினைவகத்தில் 0 இருக்கிறதா 1 இருக்கிறதா என்று தெரியாத நிலையில் அதை அழித்து 0-க்குக் கொண்டுவந்தால், சுற்றுப்புறத்துக்குக் குறிப்பிட்ட அளவு வெப்பமாவது போய்ச் சேர வேண்டும். அந்தக் குறைந்தபட்ச அளவு, போல்ட்ஸ்மேன் மாறிலி, வெப்பநிலை, 2-இன் இயல் மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கல். அறை வெப்பநிலையில் ஒரு ஜூலைக் கோடி கோடி கோடியாகப் பங்கிட்டால் அதில் ஏறக்குறைய மூன்று பங்கு. இன்றைய சிப்புகள் ஒரு முறை சுவிட்ச் மாறும்போது இதைப்போல் பல ஆயிரம் மடங்கு செலவழிக்கின்றன. ஆகவே போனின் சூட்டுக்கு லாண்டவரைக் காரணம் காட்டும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். அவர் சொன்னது அடித்தளம்; நாம் இன்னும் மாடியில் இருக்கிறோம்.

லாண்டவர் சொன்னதன் வேர் மேக்ஸ்வெல்லிடம் இருக்கிறது. வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் பிரித்துவிடும் அந்தக் குட்டிப் பூதத்தை அவர் 1867-இல் ஒரு கடிதத்தில் கற்பனை செய்தார். 1929-இல் லியோ சிலார்டு அதை ஒரே மூலக்கூறு உள்ள பெட்டியாகச் சுருக்கினார். மூலக்கூறு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரிந்தால் போதும், அந்த ஒரு பிட் தகவலைக் கொண்டு அதே குறைந்தபட்ச அளவு வெப்பத்தை வேலையாக மாற்றலாம். தகவலைக் கடைசியில் அழிக்கும்போது வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை 1982-இல் சார்லஸ் பென்னட் தெளிவாக்கினார். இவை எல்லாம் நெடுங்காலம் கரும்பலகையிலேயே கிடந்தன.

கரும்பலகையிலிருந்து எலக்ட்ரானிக்ஸுக்கு இது இறங்கிய இடம் பின்லாந்து. ஹெல்சிங்கியை ஒட்டிய ஒடானியெமியில் இருக்கும் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் யுக்கா பெக்கோலாவின் குழு இந்த வேலையைச் செய்தது. அவர்கள் கையாண்ட கருவியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வகுப்பில் இதைவிடத் தெளிவான எஞ்சின் உங்களுக்குக் கிடைக்காது.

ஒரு சிலிக்கான் சில்லின்மேல் மைக்ரோமீட்டர் அளவில் இரண்டு உலோகத் தீவுகள். நடுவே சில அணுக்கள் தடிமனே உள்ள ஆக்சைடு படலம். அதைத் துளைத்துக்கொண்டு எலக்ட்ரான் டனலிங் முறையில் இங்கிருந்து அங்கே போகலாம், வரலாம். தீவின் மின்தேக்குத்திறன் மிகச் சிறியது. அது ஒரு ஃபெம்டோஃபாரட் என்று வைத்துக்கொண்டு, மின்னூட்டத்தின் வர்க்கத்தை மின்தேக்குத்திறனின் இரு மடங்கால் வகுக்கும் உங்கள் பழைய சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். கூடுதலாக ஓர் எலக்ட்ரானை ஏற்றுவதற்கான ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் 0.93 கெல்வினுக்கு வரும். அறை வெப்பநிலையில் இந்தத் தடை இருப்பதே தெரியாது. 0.1 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அது மதில்போல நிற்கும். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்திலேயே ஓர் ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டர் காவலுக்கு உட்கார்ந்து, கூடுதல் எலக்ட்ரான் இப்போது எந்தத் தீவில் இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

2014-இல் இந்தக் குழு இதையே சிலார்டின் எஞ்சினாக ஓட்டியது. முதலில் கேட் மின்னழுத்தத்தைச் சமநிலைப் புள்ளியில் வைத்தார்கள்; எலக்ட்ரான் இரண்டு தீவிலும் இருக்கச் சம வாய்ப்பு. அளந்தார்கள். இடத்தீவில் இருக்கிறது என்றால், அது தாண்டிப் போவதற்குள் மின்னழுத்தத்தைச் சட்டென்று மாற்றி, இடத்தீவின் ஆற்றல் தாழும்படி செய்து அங்கேயே பிடித்துவைத்தார்கள். பிறகு மிக மெதுவாகப் பழைய புள்ளிக்குத் திரும்பினார்கள். அந்தத் திரும்பும் வழியில்தான் விஷயம் இருக்கிறது. இரு தீவுகளின் ஆற்றல் வேறுபாடு குறைந்துகொண்டே வர, எலக்ட்ரான் சுற்றியுள்ள வெப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மேல்நிலைக்குத் தாவும், திரும்பி விழும், மறுபடி தாவும். சுழற்சி முடியும்போது, அறிந்த ஒரு பிட்டுக்கு ஈடாகச் சிலார்டு சொன்ன எல்லைக்கு அருகே வெப்பம் வேலையாக வெளியே வந்திருந்தது. 0.1 கெல்வினில் அந்த அளவு, அறை வெப்பநிலைக்குச் சொன்னதில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான். அதையும் அளந்தார்கள்.

மெதுவாகத் திரும்பும் கட்டம் வெப்பநிலை மாறா விரிவு. நீங்கள் நல்லியல்பு வாயுவுக்கு ஆண்டுதோறும் வருவிக்கிற அதே கட்டம், பிஸ்டனும் உருளையும் இல்லாமல். அந்த வேகமான தாவலைச் சற்றுத் தாமதமாகச் செய்தால் எலக்ட்ரான் தப்பிவிடும். மெதுவாகத் திரும்ப வேண்டியதை வேகமாகத் திரும்பினால் வெப்பம் வீணாகும். மீளும் நிகழ்வு என்றால் என்ன, மீளா நிகழ்வு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு முறை ஓட்டிப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சில சுழற்சிகளில் வேலை நிறைய வரும். சிலவற்றில் கைக்காசு போகும். உருளைக்குள் எண்ணிலடங்கா மூலக்கூறுகள் இருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே எலக்ட்ரானில் அது மட்டுமே தெரியும். 'இரண்டாம் விதி உடைந்தது' என்ற செய்திகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு தனிச் சுழற்சியில் விதிக்கு எதிரான கணக்கு வருவதைப் பார்த்து, அதைத் தலைப்பாக்கிவிடுகிறார்கள். விதி சராசரியைப் பற்றியது. அதோடு, அந்த ஏற்ற இறக்கங்களே ஒரு கண்டிப்பான சமன்பாட்டுக்குள் அடங்குகின்றன. 1997-இல் கிறிஸ்டோஃபர் ஜர்ஜின்ஸ்கி கண்டது அது: ஒவ்வொரு முறையும் செலவான வேலையைப் போல்ட்ஸ்மேன் மாறிலி, வெப்பநிலை ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்து, எதிர்க்குறியிட்டு, இயல் மடக்கையின் அடிமானமான 2.718-க்கு அடுக்காக ஏற்றி, எல்லா முறைகளுக்கும் சராசரி எடுத்தால், நீங்கள் எவ்வளவு அவசரப்பட்டு ஓட்டியிருந்தாலும் அது கட்டற்ற ஆற்றலின் மாற்றத்தை மட்டுமே சார்ந்திருக்கும். நாம் பாடத்தில் 'அதிகம் அல்லது சமம்' என்று குறி போட்டு எழுதும் இரண்டாம் விதி, இந்தச் சமன்பாட்டிலிருந்து இரண்டு வரிகளில் வந்துவிடும். எம்.எஸ்சி. மாணவரால் தேர்வில் எழுத முடிகிற வருவிப்பு. ஹெல்சிங்கி குழு 2012-இல் இதை ஒற்றை எலக்ட்ரான் பெட்டியில் சோதித்துச் சரிபார்த்திருக்கிறது.

பூதத்தின் கதை அங்கே முடியவில்லை. 2014-இல் பூதமாக வேலை செய்தது வெளியே இருந்த கணினி. அது எவ்வளவு சூடானது என்று யாரும் அளக்கவில்லை, அளந்தாலும் பயனில்லை. அடுத்த ஆண்டே அவர்கள் பூதத்தையும் அதே சில்லுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு ஒற்றை எலக்ட்ரான் சாதனங்கள் அருகருகே. ஒன்றில் மின்னோட்டம் ஓடுகிறது. மற்றது அதில் நுழையும், வெளியேறும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் மின்விசையால் உணர்ந்து தானாகவே எதிர்வினை செய்கிறது. இரண்டிலும் வெப்பநிலைமானி. மின்னோட்டம் ஓடினால் சூடாக வேண்டும் என்பது ஜூல் விதி. இங்கே மின்னோட்டம் ஓடுகிற சாதனம் குளிர்ந்தது. பூதம் சூடானது. தகவல் பெறுவதற்கு விலை உண்டு என்பதைத் தத்துவமாகப் பேசிவந்த ஒரு துறைக்கு, அந்த விலை ஒரு வெப்பநிலைமானியின் ஏற்றமாகக் கண்முன் வந்து நின்றது. மேக்ஸ்வெல்லின் கடிதத்துக்கும் இந்த அளவீட்டுக்கும் நடுவே 148 ஆண்டுகள்.

இவற்றை எல்லாம் படிக்கும்போது மாணவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, நம் வகுப்புகளில் அது எழுவதே இல்லை. வெப்பநிலை என்கிறோமே, எதன் வெப்பநிலை? செம்புத் துண்டு ஒன்று 0.1 கெல்வினில் இருக்கிறது என்றால், அதன் அணிக்கோவையா, அதில் திரியும் எலக்ட்ரான்களா? அறை வெப்பநிலையில் இரண்டும் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் கேள்வி தேவைப்படாது. குளிரக் குளிர அந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. எலக்ட்ரான்களிலிருந்து அணிக்கோவைக்குப் போகும் வெப்பம், இரண்டின் வெப்பநிலைகளின் ஐந்தாம் படிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கு நேர்விகிதம். நான்காம் படி ஸ்டீபன் விதி எல்லோருக்கும் தெரியும். இங்கே ஐந்தாம் படி. செம்புக்கு அதன் கெழு, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 200 கோடி வாட் என்ற அளவில் வரும். மலைக்க வேண்டாம். ஒரு மைக்ரோமீட்டர் நீளம், 100 நானோமீட்டர் அகலம், 30 நானோமீட்டர் தடிமன் உள்ள துண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அணிக்கோவை 0.1 கெல்வினில் இருக்க, எலக்ட்ரான்களுக்குள் ஒரு ஃபெம்டோவாட், அதாவது ஒரு வாட்டில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு புகுந்தால் போதும். எலக்ட்ரான்கள் 0.18 கெல்வினுக்கு ஏறிவிடும். அறையிலிருந்து இறங்கும் கம்பிகளின் வழியே வரும் இரைச்சலே இந்த அளவு வெப்பத்தைத் தந்துவிடும் என்பதால், இந்த ஆய்வகங்களில் பாதி உழைப்பு கம்பிகளை வடிகட்டுவதில் போகிறது. குளிர்பதனி ஒரு வெப்பநிலையைக் காட்டும், எலக்ட்ரான்கள் இன்னொன்றில் இருக்கும்.

இதையே வசதியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. எலக்ட்ரான்களை மட்டும் தனியே குளிர்விக்க முடியுமல்லவா? சாதாரண உலோகத்தையும் மீக்கடத்தியையும் மெல்லிய ஆக்சைடால் பிரித்து, சரியான மின்னழுத்தம் கொடுத்தால், மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளி சல்லடையாகி, சூடான எலக்ட்ரான்களை மட்டும் வெளியே விடும். மிஞ்சியவை குளிரும். 1994-இல் அமெரிக்காவில் இதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜான் மார்ட்டினிஸ். 2025-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர், பரிசு வேறு பணிக்காக. 1996-இல் பெக்கோலாவும் சகாக்களும் இந்த வழியில் 0.3 கெல்வினிலிருந்து 0.1 கெல்வின் வரை எலக்ட்ரான்களை இறக்கினார்கள். குளிர்பதனி என்றால் அமுக்கியும் குழாயும்தான் என்று படித்த பிள்ளைக்கு இது புது உலகம்.

ஜூல் வெப்பம் எங்கே எழுகிறது என்பதும் இதே வகைக் கேள்விதான். மின்தடை இருக்கும் இடத்தில் என்று சொல்லிவிடுவோம். 1988-இல் டெல்ஃப்டிலும் கேம்பிரிட்ஜிலும் தனித்தனியே அளந்த குறுகிய கடத்திகளில், எலக்ட்ரான் எதிலும் மோதாமலே கடந்துபோகிறது. ஆனாலும் ஒரு பாதைக்கு 12.9 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது. மோதலே இல்லாத இடத்தில் வெப்பம் எப்படி எழும்? எழுவதில்லை. எலக்ட்ரான் இரு முனைகளிலும் உள்ள அகன்ற பகுதிக்குள் போய்ச் சேர்ந்த பிறகே தன் ஆற்றலைக் கொட்டுகிறது. மின்தடை ஓரிடத்தில், வெப்பம் வேறிடத்தில். பர்டூ பல்கலைக்கழகத்தின் சுப்ரியோ தத்தா இதை முதல் பாடமாக வைத்தே நானோ எலக்ட்ரானிக்ஸைக் கற்பித்துவருகிறார். அவர் ஐஐடி காரக்பூரில் படித்தவர்; பாட உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மிச்சிகனில் பிரமோத் ரெட்டியின் குழு 2013-இல், ஒற்றை மூலக்கூறு வழியே மின்னோட்டம் செலுத்தி, இரு முனைகளில் எழும் வெப்பம் சமமாக இருக்க வேண்டியதில்லை என்று அளந்தே காட்டியது.

மேக்ஸ்வெல் தொடர்புகள் நான்கையும் மனப்பாடம் செய்ய ஆளுக்கொரு உபாயம் வைத்திருக்கிறீர்கள், தெரியும். அவற்றால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு வழக்கமாகக் கிடைப்பது கிளாப்பிரான் சமன்பாடு. 2018-இல் வான்கூவரில் ஒரு குழு வெளியிட்டதையும் சொல்லிப் பாருங்கள். காலியம் ஆர்சனைடில் செய்த ஒரு குவாண்டம் புள்ளிக்குள் ஒரே ஓர் எலக்ட்ரானை ஏற்றினார்கள். அதன் தற்சுழற்சி (ஸ்பின்) மேலாகவோ கீழாகவோ இருக்கலாம். ஆகவே என்ட்ரோபி, போல்ட்ஸ்மேன் மாறிலியை 2-இன் இயல் மடக்கையால் பெருக்கிய அளவு கூட வேண்டும். இவ்வளவு சிறிய என்ட்ரோபியை வெப்ப ஏற்புத்திறன் வழியாக அளக்க வழியே இல்லை. அவர்கள் ஒரு மேக்ஸ்வெல் தொடர்பை எடுத்துக்கொண்டார்கள்: எலக்ட்ரான் ஒன்று கூடும்போது என்ட்ரோபி எவ்வளவு மாறுகிறது என்பதும், வெப்பநிலை மாறும்போது வேதி நிலையாற்றல் எவ்வளவு நகர்கிறது என்பதும், குறி ஒன்றைத் தவிர, ஒன்றேதான். எலக்ட்ரான் தேக்கத்தைச் சற்றே சூடாக்கி, புள்ளிக்குள் எலக்ட்ரான் நுழையும் மின்னழுத்தம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார்கள். எதிர்பார்த்த மதிப்பு வந்தது. இரண்டாவது எலக்ட்ரான் நுழைந்ததும் இரண்டும் இணைசேர்ந்து அந்த என்ட்ரோபி மறைந்தது. காந்தப்புலத்தில் ஒரே தற்சுழற்சியை மட்டும் அனுமதித்தபோதும் மறைந்தது. பகுதி வகைக்கெழுக்களின் சமன்பாடாக மட்டும் தெரிந்த ஒன்றை வைத்து ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சியைத் தொட்டுவிட்டார்கள்.

கார்னோ எல்லையைத் தாண்டியதாகச் சொல்லும் செய்திகளுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் சுவீடனின் லுண்டில், இண்டியம் ஆர்சனைடு நானோகம்பிக்குள் அமைத்த குவாண்டம் புள்ளி ஒன்று வெப்ப எஞ்சினாக ஓடியது. ஒரே ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை மட்டும் புள்ளி கடத்துவதால் வீணாவது குறைவு. கார்னோ பயனுறு திறனில் 70 சதவீதத்துக்கு மேல் தொட்டது, அதுவும் திறனை வெளியே தந்துகொண்டே. மிக நல்ல சாதனை. எலக்ட்ரான்கள் சுமந்த வெப்பத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. அணிக்கோவை வழியே ஒழுகும் வெப்பத்தைச் சேர்த்தால் எண் இறங்கும். கட்டுரையாளர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியதாக அவர்கள் எங்கும் சொல்லவில்லை. போனின் சூட்டிலேயே போனை சார்ஜ் செய்யலாம் என்று இதிலிருந்து யாராவது கிளப்பினால், வகுப்பில் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள்.

எல்லாம் முடிந்த துறை என்றும் சொல்ல மாட்டேன். ஹெல்சிங்கியின் பெட்டியில் எலக்ட்ரான் இங்கே அல்லது அங்கே, இரண்டில் ஒன்று. குவாண்டம் மேற்பொருந்தல் அதில் இல்லை. மேற்பொருந்தல் உள்ள மீக்கடத்தி க்யூபிட்டில் பூதத்தை ஓட்டிய சோதனை 2017-இல் பாரிஸிலிருந்து வெளியானது. அங்கே அளப்பதே ஆற்றலைக் கலைத்துவிடுகிறது. வேலை என்பதை எப்படி வரையறுப்பது என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. முதல் விதியில் வரும் ஓர் எழுத்தின் பொருள் இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று சொன்னால், வகுப்பில் இரண்டு பேராவது நிமிர்ந்து உட்கார மாட்டார்களா?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். பாடத்திட்டம் நம் கையில் இல்லை, பருவத்துக்கு நாள் போதவில்லை, ஆய்வகத்தில் இருக்கிற கருவிக்கே பராமரிப்பு இல்லை, இதில் 0.1 கெல்வினுக்கு எங்கே போவது என்பீர்கள். முதல் இரண்டும் நியாயம். மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் முதலில் சொன்ன 60 மில்லிவோல்ட்டை அளக்க 0.1 கெல்வின் தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிசி 547 டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டரையும் பேஸையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்து, கலெக்டர் மின்னோட்டம் பத்து மடங்காகும்போதெல்லாம் பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் எவ்வளவு உயர்கிறது என்று குறித்துவாருங்கள். நம் ஊர் அறையில் 60 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். டிரான்சிஸ்டரை பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஐஸ் தண்ணீரில் இறக்கினால் 54 ஆகும். 80 டிகிரி வெந்நீரில் 70. மூன்று புள்ளிகளையும் கெல்வின் அளவில் வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்விலிருந்து போல்ட்ஸ்மேன் மாறிலி வந்துவிடும். 2019 மே 20 முதல் கெல்வின் என்ற அலகையே அந்த மாறிலியை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள், நீரின் மும்மைப் புள்ளியை வைத்து அல்ல. பாடநூலில் இது ஏறியிராவிட்டால், நீங்கள் வாயாலாவது சொல்லிவிடலாம்.

ஆகவே எல்லோரிடமும் கேட்பது இரண்டே. வரும் பருவத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள்; ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, இரண்டு மல்டிமீட்டர், ஐஸ், வெந்நீர் போதும். அடுத்த வகுப்பில் ஹெல்சிங்கியின் ஒற்றை எலக்ட்ரான் எஞ்சினைப் பலகையில் வரைந்து, கார்னோவின் நான்கு கட்டங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்களில் சிலர் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்திருப்பீர்கள். அடுத்த திருத்தத்தில் டீசல் எஞ்சினுக்கு ஒரு மணி நேரத்தைக் குறைத்து இதற்குத் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் ஓர் அறிவியல் கட்டுரையாளன்